பதினொன்றும் ஒரு ப்ளஸ்ஸும்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு வரலாற்றுப் பதிவு. வரலாறுன்ன உடனே சோழர், பல்லவர், கல்வெட்டுன்னு எதிர்பார்த்து உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது வெயிலை அளந்தவங்களோட கதை. சரியா சொல்லணும்னா, வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை அளக்கப் போய், "மீட்டர் பொய் சொல்லுதோ?"ன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டவங்களோட கதை. அந்த வரிசையில் கடைசி ஆளா அடியேனும் வர்றேன். அதனால முதல்ல என் கதை, அப்புறம் பெரியவங்க கதை.

*

அம்மாவுக்கு லூபஸ். நாலு வருஷமா மாத்திரையில் கட்டுக்குள்ள இருக்கு. டாக்டர் முதல் நாளே சொன்னது, வெயில் ஆகாது. ஆனா எங்க வீட்டு மொட்டை மாடியில் மார்ச் வந்தா வடாம், ஏப்ரல் வந்தா மோர் மிளகாய். "பத்து நிமிஷம்தான்டா, திருப்பிப் போட்டுட்டு வந்துடறேன்"னு அம்மா படியேறினா நிறுத்தற ஆள் இந்த வீட்டில் இல்லை.

பொட்டி தட்டறவன் என்ன செய்வான்? ஒரு மெஷின் செய்வான். சின்னதா ஒரு புறஊதா சென்சார் வாங்கினேன். ஆர்டுயினோ போர்டு ஏற்கெனவே இருந்தது. யூவி இண்டெக்ஸ் 3-க்குக் கீழே இருந்தா பச்சை விளக்கு. 3 முதல் 7 வரை மஞ்சள், அதாவது முழுக்கை, குடை, பத்து நிமிஷத்துக்கு மேல கூடாது. 8-ல் இருந்து சிவப்பு, படியிலயே கால் வைக்கக் கூடாது. சமையலறை வாசலில் விளக்கை மாட்டியாச்சு. அம்மாவுக்குப் பெருமை தாங்கலை. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துட்டுப் போனாங்க.

பிரச்சினை மறுநாளே ஆரம்பிச்சது.

முதல் பிரச்சினை, உச்சி வெயிலில் 1 காட்டுச்சு. மழை படக் கூடாதுன்னு சென்சாரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கண்ணாடி மூடி போட்டு வெச்சிருந்தேன். சாதாரண ஜன்னல் கண்ணாடி, சருமத்தைச் சுடற யூவி-பி கதிரைப் பெரும்பாலும் உள்ள விடாதுன்னு பிளஸ் டூவில் படிச்சது அப்பதான் ஞாபகம் வந்தது. மூடியைத் தூக்கிட்டு, பிளம்பர் குழாயில் சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப்பை ரெண்டு அடுக்கா இழுத்து ஒட்டினேன். சிரிக்காதீங்க, அந்தப் பொருள் புறஊதாவை நல்லா கடத்தும், எல்லாப் பக்கத்து வெளிச்சத்தையும் கலந்து கீழே அனுப்பும். விலை உயர்ந்த கருவிகளிலும் அதே டெஃப்லான்தான் தகடா உட்கார்ந்திருக்கு. டேப்போட ஒரு தரம், டேப் இல்லாம ஒரு தரம்னு மேகமில்லாத மதியத்தில் அளந்து, வித்தியாசத்தைப் பெருக்கிச் சரி பண்ணினேன்.

ரெண்டாவது, ராத்திரி பத்து மணிக்கு 0.3. நிலாவிலிருந்து புறஊதா வருதோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன் :-) நீள வயரில் ஏறின இரைச்சல்தான் காரணம். வயரைக் குறைச்சு, இருட்டில் காட்டற அளவைக் கழிச்சதும் சரியாச்சு.

மூணாவது, எல்லா ரீடிங்கும் கொஞ்சம் கூட. போர்டுக்கு வர்ற மின்னழுத்தம் 5 வோல்ட்னு கோடில் எழுதியிருந்தேன். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா, நீள யூஎஸ்பி வயர் வழியா வந்து சேர்றது 4.6. அளவுகோலே சுருங்கிப் போனா, அளந்த பொருள் நீளமாத்தானே தெரியும்? நிஜம் 10-னா மீட்டர் 10.9-னு காட்டும். போர்டில் இருக்கற 3.3 வோல்ட்டை ஒப்பீட்டு அளவா எடுத்துக்கிட்டதும் இதுவும் தீர்ந்தது.

நாலாவதுதான் வில்லன். ஒரு நாள் சாயங்காலம் 27 காட்டுச்சு. லூஸ் கனெக்‌ஷன். சால்டர் வெச்சா முடிஞ்சு போற விஷயம். ஆனா நமக்குத்தான் சாஃப்ட்வேர் புத்தியாச்சே, சால்டரிங் அயர்னைத் தேடறதுக்கு முன்னாடி கோடைத் திறந்தோம். யூவி இண்டெக்ஸ் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். கடைசிக் கட்டம் ஊதா நிறம், 11. சரி, 11-க்கு மேல வந்தா குப்பை. ஒரே ஒரு வரி எழுதினேன். 11-ஐத் தாண்டினா தூக்கிப் போடு, கடைசியா வந்த பத்து நல்ல ரீடிங்கோட சராசரியைக் காட்டு.

அந்தக் கட்டத்தில் 11-க்குப் பக்கத்தில் சின்னதா ஒரு ப்ளஸ் குறி இருந்தது. அதை நான் பார்க்கலை.

போன ஏப்ரலில் ஒரு மதியம். மேகம் வர்றதும் போறதுமா இருந்த நாள். விளக்கு மஞ்சள். அம்மா குடையோட மேல போய் மிளகாயைத் திருப்பிப் போட்டுட்டு வந்தாங்க. சாயங்காலம் கன்னம் ரெண்டும் சிவந்து தடிச்சிருந்தது. மறுநாள் விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு வாரம் காபி டம்ளரைப் பிடிக்க முடியலை. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. "மெஷின் மஞ்சள்தானேடா காட்டுச்சு"ன்னு மட்டும் கேட்டாங்க, குறையா இல்லை, சந்தேகமாத்தான்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கோடைப் படிச்சேன். மேகம் விலகின நேரமெல்லாம் அளவு 11-ஐத் தாண்டியிருக்கும். அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும். மேகம் மறைச்ச நேரத்து 6-ம் 7-ம் மட்டும் "நல்ல ரீடிங்"னு உள்ள வந்து சராசரியைத் தீர்மானிச்சிருக்கும். அதாவது வெயில் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாகுதோ, என் மெஷின் அவ்வளவுக்கு அவ்வளவு மேகத்தை மட்டும் நம்பியிருக்கு. சரிபார்க்கலாம்னு எஸ்டி கார்டை எடுத்தா, அங்கே ஒண்ணுமே இல்லை. ஏன்னா தூக்கிப் போடற வரி, கார்டில் எழுதற வரிக்கு மேல இருந்தது. அன்னிக்கு என் மாடியில் நிஜமா எவ்வளவு இருந்ததுன்னு எனக்கு இனிமே தெரியவே தெரியாது.

அந்த வாரம் முழுக்க இதே யோசனை. வேற யாராவது இப்படி மாட்டியிருக்காங்களான்னு தேடினேன். மாட்டியிருக்காங்க, அதுவும் சாதாரண ஆளுங்க இல்லை.

*

புறஊதாவை முதல்ல "அளந்தவர்" ஜெர்மனியில் ஜேனாவில் இருந்தவர், யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். மருந்துக்கடையில் வேலை கத்துக்கிட்ட பையன். 1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், பட்டகம் பிரிச்சுக் காட்டின நிறங்களில் தெர்மாமீட்டரை வெச்சுப் பார்த்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் இருக்குன்னு கண்டுபிடிச்சார். அவர் ஒப்பிட்டுப் பார்க்க வெளிச்சத்துக்கு வெளியேயும் தெர்மாமீட்டர் வெச்சிருந்தார்ங்கிறதைக் குறிச்சு வெச்சுக்கங்க, பின்னாடி உதவும்.

ரிட்டருக்கு இயற்கையில் எல்லாத்துக்கும் எதிர்முனை உண்டுன்னு ஒரு நம்பிக்கை. சிவப்புக்கு அப்பால் ஒண்ணு இருந்தா, ஊதாவுக்கு அப்பாலும் ஒண்ணு இருக்கணும். 1801-ல் வெள்ளி குளோரைடு தடவின காகிதத்தைப் பட்டகத்து வெளிச்சத்தில் வெச்சார். ஊதாவைத் தாண்டி, வெளிச்சமே இல்லாத மாதிரி தெரிஞ்ச இடத்தில்தான் அது ரொம்ப வேகமா கறுத்தது. உலகத்தோட முதல் யூவி சென்சார் அதுதான். நம்பிக்கை தப்பு, முடிவு சரி. மனுஷன் மின்கலத்தைத் தன் உடம்பிலேயே சோதிச்சு சோதிச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டு, 1810-ல் 33 வயசில் போய்ச் சேர்ந்துட்டார்.

அதுக்கப்புறம் 1881-ல் ஹார்ட்லிங்கிறவர், சூரியனோட புறஊதா ஒரு அளவுக்கு மேல தரைக்கு வராததுக்குக் காரணம் மேலே இருக்கற ஓசோன்தான்னு சொன்னார். 1913-ல் பிரான்சில் ஃபாப்ரியும் புய்சோனும், தரைக்கு வந்து சேர்ற புறஊதாவை வெச்சே தலைக்கு மேல எவ்வளவு ஓசோன் இருக்குன்னு கணக்குப் போட்டாங்க. மொத்த ஓசோனையும் இறக்கித் தரைமட்ட அழுத்தத்தில் பரப்பினா சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். நம்மையும் சூரியனையும் பிரிக்கற திரை அவ்வளவு மெல்லிசு.

*

இப்ப நம்ம கதாநாயகர். கோர்டன் டாப்சன், ஆக்ஸ்ஃபோர்டு. 1920-களில் தன் வீட்டுப் பட்டறையிலேயே கருவி கட்டினவர். நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு இவர்தான் குலதெய்வம்.

சூரிய வெளிச்சத்தை அளந்தா புகை, தூசு, மேகம், கருவியோட தள்ளாட்டம்னு எல்லாமே சேர்ந்து குழப்பும். டாப்சன் கருவி இதுக்கு ரெண்டு அலைநீளத்தைப் பக்கத்துப் பக்கத்தில் எடுத்தது. உதாரணத்துக்கு 305.5 நானோமீட்டர், ஓசோன் இதை நல்லா விழுங்கும். இன்னொண்ணு 325.4, ஓசோன் இதைக் கொஞ்சம்தான் தொடும். ரெண்டுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் பார்த்தா போதும். தூசு ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறைக்கும், அதனால விகிதத்தில் பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும். மிச்சம் நிக்கறது ஓசோன். இன்னிக்கும் ஓசோனை அளக்கற அலகுக்கு டாப்சன் யூனிட்னுதான் பேர். 300 யூனிட்னா 3 மில்லிமீட்டர்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1928-ல் டாப்சன் தன் கருவிகளை உலகத்தோட பல மூலைகளுக்குப் பிரிச்சு அனுப்பினார். எகிப்து, கலிஃபோர்னியா, நியூசிலாந்து. அந்தப் பட்டியலில் நம்ம கொடைக்கானலும் இருந்தது. 1899-ல் இருந்தே அங்கே சூரிய ஆய்வகம் இருக்கே. மலை மேல எடுத்த போட்டோத் தகடுகள் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், அங்கே அளக்கப்பட்டன. பலன், பூமத்திய ரேகைப் பக்கம் ஓசோன் குறைவு, வடக்கே போகப் போக அதிகம்னு உலகத்துக்குத் தெரிஞ்சது.

இதை ரெண்டாவது தரம் படிங்க. நம்ம தலைக்கு மேல சூரியன் நேரா நிக்குது, திரையும் மெல்லிசு. சென்னையில் கோடை மதியம் தெளிஞ்ச வானத்தில் யூவி இண்டெக்ஸ் 11-ஐயும் 12-ஐயும் தாண்டறது சகஜம். கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடி கொடைக்கானல் தகடுகள் சொன்ன விஷயத்தைத்தான் நான் "குப்பை"ன்னு தூக்கிப் போட்டிருக்கேன்.

யூவி இண்டெக்ஸுங்கிற எண்ணே 1992-ல் கனடாக்காரங்க பண்ணினது. அவங்க வைச்ச அளவுகோலில் வெப்பமண்டலத்துக் கோடை மதியம்தான் கிட்டத்தட்ட 10. அவங்க ஊருக்கு அது உச்சம். நமக்கு அது செவ்வாய்க்கிழமை. அப்புறம் உலகத்துக்குப் பொதுவா ஆக்கினப்ப, கடைசிக் கட்டத்தில் 11-ஐப் போட்டு ஒரு ப்ளஸ்ஸும் போட்டாங்க. அந்த ப்ளஸ்ஸில்தான் நாம குடியிருக்கோம்.

*

டாப்சனுக்கும் "மீட்டர் பொய் சொல்லுதோ" சோதனை வந்தது. 1956. சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்காக அண்டார்டிகாவில் ஹாலி பே-ன்னு பிரிட்டிஷ்காரங்க புது நிலையம் போட்டாங்க. அங்கே ஒரு டாப்சன் கருவி போச்சு. வடதுருவப் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கனில் எடுத்த அளவுகள் கையில் இருந்ததால, ஆறு மாசம் தள்ளி அதே அளவு தெற்கிலும் வரும்னு எதிர்பார்த்தாங்க. செப்டம்பர், அக்டோபர் அளவுகள் வந்து சேர்ந்தா, எதிர்பார்த்ததை விட சுமார் 150 யூனிட் கம்மி.

டாப்சன் முதல்ல நினைச்சது நாம நினைக்கறதையேதான். ஒண்ணு, அங்கே கருவியை இயக்கினவர் தப்புப் பண்ணியிருக்கணும். இல்லைன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி சரிபார்த்தும் கருவி வழியில் கெட்டிருக்கணும். ஆனா நவம்பரில் அளவு திடீர்னு எதிர்பார்த்த இடத்துக்கு எகிறிடுச்சு. கெட்ட கருவி தானா சரியாகுமா? அவங்க அந்த அளவுகளை அழிக்கலை. இன்னொரு வருஷம் பொறுத்தாங்க. 1957-லும் அப்படியே நடந்தது. அப்பதான் புரிஞ்சது, தென்துருவக் குளிர்காலச் சுழற்காற்று ஓசோன் நிறைஞ்ச காற்றை வசந்தம் முடியற வரைக்கும் உள்ள விடாம அடைச்சு வைக்குது. வடக்கும் தெற்கும் ஒரே மாதிரி இல்லை. கருவி சரி, எதிர்பார்ப்புதான் தப்பு.

ஒரு குறிப்பு. "ஓசோன் ஓட்டை 1956-லேயே இருந்துச்சு பாரு"ன்னு இதை வெச்சுக் கதை விடறவங்க உண்டு. இல்லை. அன்னிக்கு அக்டோபரில் இருந்தது சுமார் 300. அது இயற்கை. அந்த 300-ஐ ஒழுங்கா எழுதி வெச்சதாலதான் அடுத்து நடந்தது உலகத்துக்குத் தெரிஞ்சது.

*

ஹாலியில் வருஷா வருஷம் அளந்துக்கிட்டே இருந்தாங்க. இங்கிலாந்தில் ஜோ ஃபார்மன் இதுக்குப் பொறுப்பு. 1970-களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்த ஜோனதன் ஷாங்க்ளின்ங்கிற இளைஞருக்குக் கிடைச்ச ஆணி என்ன தெரியுமா? கையால எழுதின தாள் தாளா கிடந்த பழைய அளவுகளைக் கணினியில் ஏத்தறது. நம்மில் பலருக்கு முதல் வேலை அதுதானே :-)

ஏத்திப் பார்த்தா, அக்டோபர் அளவுகள் சறுக்குது. 1980-கள் தொடக்கத்தில் 200 பக்கம் வந்துடுச்சு. ஃபார்மனுக்குச் சந்தேகம். கருவி பழசு, அண்டார்டிகா குளிர் வேற. இங்கிலாந்திலிருந்து வேற ஒரு டாப்சன் கருவியைக் கொண்டு போய் வெச்சாங்க. அதுவும் அதையே சொல்லுச்சு. அதோட விடலை. சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளி இருந்த தங்களோட இன்னொரு நிலையத்து அளவுகளையும் எடுத்துப் பார்த்தாங்க. அங்கேயும் சறுக்கல், கொஞ்சம் குறைவா. இதுக்கப்புறம்தான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூணு பேரும் எழுதினாங்க. 1985 மே 16, நேச்சர் இதழ். ஓசோன் ஓட்டைன்னு நாம பள்ளிக்கூடத்தில் படிச்சது அதுதான்.

ஜப்பானோட சியோவா நிலையத்திலிருந்து ஷிகெரு சுபாச்சி 1984-லேயே கிரீஸில் நடந்த மாநாட்டில் 1982-ன் குறைஞ்ச அளவுகளைக் காட்டியிருந்தார். ஆனா கையில் இருந்தது ஒரு வருஷத்து அளவு. பெருசா யாரும் கவனிக்கலை. நீண்ட வரிசை இருந்த இடத்தில்தான் சறுக்கல் சறுக்கலாத் தெரிஞ்சது.

அப்ப நாசா? 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் மேல போயாச்சு. பூமியிலிருந்து சிதறித் திரும்பற புறஊதாவை அளந்து தினமும் உலகம் முழுக்க ஓசோன் வரைபடம் போட்டுக்கிட்டிருந்தது. ஓட்டை அதுக்கு மட்டும் எப்படித் தெரியாம போச்சு?

இதுக்குப் பிரபலமான ஒரு பதில் உண்டு. "180-க்குக் கீழே வந்த அளவையெல்லாம் நாசா கம்ப்யூட்டர் தப்புன்னு தானா அழிச்சுடுச்சு." மென்பொருள் வகுப்புகளில் கூட உதாரணமா சொல்லுவாங்க. என் கோடைப் பார்த்துட்டு நானும் முதல்ல அதைத்தான் தேடிப் போனேன், துணைக்கு நாசாவே இருக்குன்னு ஒரு அற்ப சந்தோஷம். ஆனா நிஜம் அது இல்லை.

180 எல்லை இருந்தது உண்மை. ஏன்னா அதுவரைக்கும் தரையில் எந்த டாப்சன் கருவியும் 200-க்குக் கீழே காட்டினதில்லை. ஆனா 180-க்குக் கீழே வந்ததை மென்பொருள் அழிக்கலை. "சந்தேகம்"னு கொடி குத்தித் தனியா வெச்சது. 1984-ல், முந்தைய அக்டோபரோட தரவை அலசினப்ப, அண்டார்டிகா மேல கொடிகள் குவிஞ்சு கிடக்கறதை அந்தக் குழு பார்த்தது. நியாயமான அடுத்த வேலையைச் செஞ்சாங்க. தரையில் இருக்கற கருவியோட ஒப்பிட்டாங்க. தென்துருவத்திலேயே அமெரிக்காவோட அமண்ட்சன்-ஸ்காட் நிலையம் இருக்கே, அங்கே ஒரு டாப்சன் கருவி. அது சொன்னது சுமார் 300. அப்ப செயற்கைக்கோள்தான் தப்போ?

இல்லை. தென்துருவக் கருவியின் அந்த அளவுகள்தான் தப்பு. தப்பான அலைநீளத்தில் அளந்திருந்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது. எதை உரைகல்லா நினைச்சாங்களோ, அதுவே பொய் சொல்லியிருக்கு. அதுக்குள்ள பிரிட்டிஷ்காரங்க முந்திக்கிட்டாங்க. பவன் பார்த்தியாவும் நாசா குழுவும் 1985 ஆகஸ்டில் பிராகில் வரைபடங்களைக் காட்டினப்ப, அண்டார்டிகா கண்டத்தை மூடற அளவுக்கு ஓட்டை பெருசுன்னு உலகம் பார்த்தது.

எனக்கு உறைச்ச இடம் இதுதான். அழிக்காம வெச்சிருந்ததால அவங்களால பழைய வருஷங்களுக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு அக்டோபரையும் மறுபடி வரைய முடிஞ்சது. என் எஸ்டி கார்டில் திரும்பிப் போக ஒண்ணுமில்லை.

மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் ஓசோனைத் தின்னும்னு மோலினாவும் ரோலண்டும் 1974-லேயே எழுதியிருந்தாங்க. ஹாலி அளவுகள் வந்த ரெண்டே வருஷத்தில், 1987 செப்டம்பர் 16 அன்னிக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. ஓசோன் படலம் இப்ப மெதுவா தேறிக்கிட்டு வருது. ஒரு பழைய கருவியின் "தப்பான" ரீடிங்கை நம்பலாமா வேண்டாமான்னு சிலர் நேர்மையா மண்டையை உடைச்சுக்கிட்டதால வந்த வினை, நல்வினை.

*

இதைப் படிச்சுட்டு "விநோதமான அளவெல்லாம் நிஜம்தான்"னு கிளம்பிடாதீங்க. எதிர் உதாரணமும் இருக்கு. 2003 டிசம்பர் கடைசியில், சிலி-பொலிவியா எல்லையில் லிக்கன்காபூர் எரிமலை உச்சியில் இருந்த ஒரு கருவி யூவி இண்டெக்ஸ் 43.3 காட்டினதா 2014-ல் கட்டுரை வந்தது. உலக சாதனைன்னு எல்லாரும் எழுதினாங்க. அடுத்த வருஷமே வேற விஞ்ஞானிகள் மறுத்து எழுதினாங்க. அந்த எண் வர்றதுக்குத் தேவையான சூழல் அங்கே இல்லை, கருவியைத்தான் சந்தேகப்படணும்ங்கிறது அவங்க வாதம். என் 27-ம் அந்த ஜாதிதான், லூஸ் கனெக்‌ஷன்.

அப்ப எது நிஜம், எது பொய்னு எப்படித் தெரியும்? எண்ணைப் பார்த்தே சொல்லிட முடியாது. டாப்சன் இன்னொரு வருஷம் பொறுத்தார். ஃபார்மன் இன்னொரு கருவி கொண்டு போனார், இன்னொரு இடத்தைப் பார்த்தார். நாசா இன்னொரு கருவியை நம்பி ஏமாந்தது, ஆனா எதையும் அழிக்கலை. நான் மட்டும்தான் ஒரே வரியில் தீர்ப்பு எழுதினவன்.

*

இப்ப என்ன பண்ணியிருக்கேன்னு சொல்லி முடிச்சுக்கறேன். சென்சார் என்ன சொல்லுதோ அது அப்படியே முதல்ல கார்டில் எழுதப்படுது. சந்தேகம் இருந்தா பக்கத்தில் ஒரு கொடி. சராசரி போய், கடைசி அரை மணி நேரத்தோட உச்ச அளவைத்தான் விளக்கு பார்க்குது. தெரியலைன்னா மஞ்சள் இல்லை, சிவப்பு. ரெண்டாவது சென்சார் ஒண்ணு தனி போர்டில், தனி வயரில். ஒரே சார்ஜரில் ரெண்டையும் மாட்டினா ரெண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். முக்கியமா, சால்டர் வெச்சாச்சு :-)

இந்த மாதிரி சின்ன சென்சாருக்கு ஒரு எல்லையும் உண்டு. அது யூவி-ஏ பக்கத்தையும் சேர்த்து வாங்கும். யூவி இண்டெக்ஸோ சருமத்தைச் சுடற யூவி-பி-க்குத்தான் அதிக மதிப்பெண் போடும். சூரியன் சாயற நேரத்தில் ரெண்டோட கலவையும் மாறும், அப்ப மீட்டர் கொஞ்சம் கூடவே காட்டும். அதனால இது வழிகாட்டி மட்டும்தான், டாக்டர் இல்லை. உங்க வீட்டில் யாருக்காவது வெயில் ஆகாதுன்னா, டாக்டர் சொன்னதைக் கேளுங்க, என் விளக்கை இல்லை.

அம்மா இப்ப நல்லா இருக்காங்க. டம்ளரைப் பிடிக்க முடியுது. இந்த வருஷம் வடாம் பிழியறதோட சரி, காய வைக்கறதும் திருப்பறதும் என் வேலை. போன ஞாயித்துக்கிழமை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டா, 12.6-னு காட்டுதே, இது நிஜமா, பொய்யா?"

"தெரியலைம்மா. எழுதி வெச்சிருக்கு. அந்த ரெண்டாவது என்ன சொல்லுதுன்னு பார்க்கறேன்."

"என்ன சொன்னாலும் விளக்கு சிவப்புதானே?"

"ஆமாம்மா."

"அப்ப போய் மிளகாயை நீயே திருப்பு. தொப்பி போட்டுக்கிட்டுப் போ."

ரெண்டாவது 12.3 சொல்லுச்சு.

பி.கு: இதே மாதிரி வீட்டில் ஏதாவது மீட்டர் கட்டி, அது பொய் சொல்லுதுன்னு தூக்கிப் போட்டவங்க, போடப் பாத்தவங்க பின்னூட்டத்தில் வந்து சொல்லுங்க. நான் ஒருத்தன் மட்டும் அசடு வழிஞ்சா நல்லா இருக்காது.